ஊர் விதையை பெங்களூர் ஆடியில போடலாமா?

காடுகோடியான் · 21 ஜூலை 2024, காலை 10.40

காடுகோடியில வாடகைக்குத் தனி வீடு கிடைச்சிருக்கு. பின்னால ரெண்டு கார் நிறுத்துற அளவு மண் தரை. அம்மா கோவில்பட்டியிலிருந்து வெண்டை, கத்திரி, பீர்க்கை, கொத்தவரை விதை அனுப்பியிருக்காங்க. "ஆடிப் பட்டம் தேடி விதை"ன்னு தினமும் போன்ல நினைவுபடுத்துறாங்க. நான் ஆனி கடைசியிலேயே வெண்டையைப் போட்டுட்டேன். பாதி முளைக்கவே இல்லை. முளைச்சதும் ரெண்டு இலையோட மஞ்சளா நிக்குது. நாள் தவறாம மேகமூட்டம், தூறல். இந்த ஊர்ல வீட்டுக் காய்கறி வருமா, வராதா? வரும்னா எதை எப்போ போடணும்?

பின்கட்டு · 21 ஜூலை 2024, இரவு 9.15

தம்பி, நல்லாவே வரும். ஆனா கோவில்பட்டி ஆடி வேற, பெங்களூர் ஆடி வேற. அங்க ஆடியில காத்தும் வெயிலும் இருக்கும். போட்ட விதை முளைச்சு, ஐப்பசி மழை இறங்குறதுக்குள்ள வேர் பிடிச்சு நிக்கும். அந்த மண்ணுக்கு அந்த வாக்கு கச்சிதம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேல இருக்கிற ஊர். ஜூலையில பகல் 28 டிகிரி, ராத்திரி 20 டிகிரி பக்கம்தான். தென்மேற்கு மேகம் வெயிலை எட்டிப் பார்க்கவே விடாது. வெண்டைக்குச் சூடு வேணும். சூடு இல்லாத ஈர மண்ணுல விதை ஊறி அழுகிடும். தப்பிச்சு முளைச்சதும் மஞ்சளாத்தான் நிக்கும், உரம் வச்சாலும் தேறாது.

மீதி வெண்டை விதையையும் கொத்தவரையையும் ஒரு டப்பாவுல போட்டு ஈரம் படாம எடுத்து வைங்க. அதுங்களுக்கு மாசி, பங்குனிதான் பட்டம். கத்திரியை இப்பவே நாத்து விடலாம், எல்லாத்தையும் தாங்கும். பீர்க்கையில நாலு விதை மட்டும் போட்டுப் பாருங்க.

இந்த மாசத்துல இங்க போட வேண்டியது அவரை, பீன்ஸ், முள்ளங்கி, தண்டுக்கீரை, சௌசௌ. ஊர்ல பழகின காயை இங்க வம்படியா வளர்க்கிறதை விட்டுட்டு, இந்த வானம் எதைக் கேட்குதோ அதைக் குடுத்தா காய் கொட்டும். ராமமூர்த்தி நகர்ல 40×60 அடி சைட்ல எங்க வீடு. பின்கட்டு முழுக்க மண்தான், சிமென்ட் போட விடலை.

பின்கட்டு · 23 ஜூலை 2024, காலை 7.05

முந்தாநாள் கேட்க விட்டுப்போச்சு. உங்க மண் தரைக்குத் தெற்குப் பக்கம் என்ன இருக்கு? வேற எதையும் விட இதுதான் முக்கியம்.

பெங்களூர் 13 டிகிரி வடக்குல இருக்கு. ஜூன், ஜூலையில மதியச் சூரியன் நம்ம தலைக்குக் கொஞ்சம் வடக்கே நிக்கும், நிழல் தெற்கே ரொம்பக் குட்டையா விழும். டிசம்பர்ல சூரியன் தெற்கே சாஞ்சிடும். அப்போ தெற்கே 10 மீட்டர் உயரத்துல ஒரு மூணு மாடி வீடு இருந்தா, நட்ட மதியத்திலேயே அதோட நிழல் வடக்கே 7 மீட்டருக்கு மேல நீளும். "போன மாசம் நல்லா வந்த செடி இப்போ ஏன் நோஞ்சானா நிக்குது"ன்னு பல பேர் உரத்தை மாத்தி மாத்தி வைப்பாங்க. பார்த்தா வெயில் நகர்ந்து போயிருக்கும்.

அதனால பழ வகைக் காய், அதாவது தக்காளி, கத்திரி, மிளகாய் எல்லாம் டிசம்பர்லயும் வெயில் விழுற மூலையில வைங்க. நிழல் வரப்போற பக்கம் கீரை, புதினா, கொத்தமல்லி, சேம்பு. ஆகஸ்ட் 18 மதியம் சூரியன் இங்க நேர் உச்சிக்கு வரும், நட்டு வச்ச குச்சிக்கு நிழலே இருக்காது. பிள்ளைங்க இருந்தா கூட்டிட்டு வந்து காட்டுங்க. அன்னைக்கிலிருந்து நிழல் வடக்கே நீள ஆரம்பிக்கும், வாரா வாரம் ஒரு கோடு போட்டுட்டே வந்தா தோட்டத்து வரைபடம் தானா கிடைச்சிடும்.

பின்கட்டு · 28 ஜூலை 2024, மாலை 6.30

மண்ணைப் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. இந்த ஊர்ச் செம்மண் தரமானதுதான், ஆனா அதுல மக்கு கம்மி. மழை பெஞ்சா மேல ஓடு மாதிரி கட்டிடும், காஞ்சா செங்கல்லா இறுகும். அதைவிடப் பெரிய தொல்லை, வீடு கட்டினவங்க பின்னால புதைச்சுட்டுப் போற இடிபாடு. ஒன்றரை அடி தோண்டிப் பாருங்க. சிமென்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, ஜல்லி வந்தா அத்தனையையும் பொறுக்கி எடுத்தே ஆகணும். சிமென்ட்ல இருக்கிற சுண்ணாம்பு, மண்ணுல இருக்கிற இரும்புச் சத்தைச் செடிக்கு எட்டாம பண்ணிடும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரிஞ்சா அதுதான் அடையாளம். போர் தண்ணி உப்பா இருக்கிற வீட்லயும் இதே கதை.

மருந்துக்கு ஓடாதீங்க. மக்கு உரமும் எருவும் கிடைக்கிற அளவு போட்டு, முதல் போகம் அவரையோ தட்டைப்பயறோ வைங்க. பயறு வகை வேர் முடிச்சுல தழைச்சத்து சேரும். காய் முடிஞ்சதும் செடியை அடியில அறுங்க, வேர் மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும்.

மக்கு உரத்துக்கு மூணு அடுக்கு மண்பானை, இங்க "கம்பா"ன்னு சொல்றது, எங்க வீட்டு அடுப்படிக் குப்பைக்குப் போதுமா இருக்கு. ஒரு கிண்ணம் காய்கறித் தோலுக்கு ஒரு கிண்ணம் காஞ்ச இலை, மேல கொஞ்சம் புளிச்ச மோர், ரெண்டு நாளுக்கு ஒருதடவை கிளறல். நாத்தம் வந்தா ஈரம் கூடிருச்சுன்னு அர்த்தம், இன்னும் காஞ்ச இலை போடுங்க. வெள்ளைப் பூஞ்சை பூத்தா நல்லது. புழு நெளிஞ்சாலும் பதறாதீங்க, பாதி வேலையை அதுதான் பார்க்குது. மூணு மாசத்துல கறுப்பா, மழை மண் வாசனையோட உரம் கிடைக்கும்.

பின்கட்டு · 4 ஆகஸ்ட் 2024, பகல் 1.20

"அவரை போன சித்திரையில போட்டேன், கொடி மாடிவரைக்கும் ஏறிடுச்சு, ஒரு பூ இல்லை"ன்னு எழுதியிருக்கீங்களே, கொடி மேல குத்தம் இல்லைங்க. நாட்டு அவரைக்குப் பகல் நேரம் குறையணும். ஐப்பசியில பகல் சுருங்கினப்புறம்தான் மொட்டு வைக்கும். நீங்க சித்திரையில போட்டாலும் ஆடியில போட்டாலும் பூ அதே சமயத்துலதான். முன்கூட்டிப் போட்டா வெறும் இலைதான் லாபம். பகல் நீளத்தைக் கண்டுக்காத குத்து ரகமும் இருக்கு. நம்ம ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகம் கொண்டுவந்த ஹெப்பாள் அவரை 3, 4 ரெண்டும் அப்படித்தான். அதை எந்த மாசமும் போடலாம், பந்தலும் வேண்டாம், தொட்டியிலும் வரும்.

ருசியில நாட்டுக் கொடிக்கு ஈடு கிடையாது. இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பின்கட்டு · 11 ஆகஸ்ட் 2024, இரவு 8.50

சௌசௌ எப்படி வைக்கிறதுன்னு தம்பி கேட்டிருக்கார். தமிழ்நாட்டுல பெங்களூர் கத்திரிக்காய்னு சொல்றோமே, அதேதான், பூர்வீகம் மெக்சிகோ. இதுல விதையைத் தனியா எடுக்க முடியாது. முழுக் காயையே நடணும். கடையில முத்தின காயா ரெண்டு வாங்கி ஜன்னலோரம் விட்டு வைங்க. அடி வாயைத் திறந்து முளை தானா வெளிய வரும். முளை ஒரு விரல் நீளம் வந்ததும் காயைச் சாய்ச்சு, பாதி மண்ணுக்குள்ள, பாதி வெளிய இருக்கிற மாதிரி வைங்க. முழுசா புதைச்சா அழுகும். பந்தல் பலமா இருக்கணும். இளங்கொழுந்தைக் கிள்ளிப் பொரியல் பண்ணலாம், பருப்போட சேர்ந்தா ரொம்ப நல்லா இருக்கும்.

பின்கட்டு · 25 ஆகஸ்ட் 2024, காலை 6.40

நத்தை. ராத்திரி மழை விட்டதும் டார்ச் அடிச்சுப் பாருங்க, கை முஷ்டி அளவுல சுவர் பூரா ஒட்டியிருக்கும். ஆப்பிரிக்க ராட்சத நத்தை இது, நம்ம நாட்டு நத்தை இல்லை. 1847-ல பென்சன்னு ஒரு வெள்ளைக்காரர் கல்கத்தாவுல கொண்டுவந்து விட்டது, இன்னைக்கு நம்ம பீன்ஸ் நாத்தைத் தின்னுட்டு நிக்குது.

உப்பை மண்ணுல தூவாதீங்க, அந்த இடத்துல அப்புறம் ஒண்ணும் முளைக்காது. சாயங்காலம் ஈரச் சாக்கை விரிச்சு, அதுக்கடியில பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் தோலும் வைங்க. விடியறதுக்குள்ள எல்லாம் அங்க கூடியிருக்கும். உறை போட்ட கையால எடுத்து, உப்புக் கரைச்ச வாளியில போடுங்க. வெறும் கையால தொடவே தொடாதீங்க. மூளையைத் தாக்குற ஒரு புழு இதுல இருக்கும். கீரையையும் மழைக்காலத்துல நல்லாக் கழுவி, வேகவச்சே சாப்பிடுங்க.

பின்கட்டு · 9 செப்டம்பர் 2024, இரவு 10.00

தக்காளியை மழைக்காலத்துல தொடவே வேண்டாம்னு தனிச் செய்தியில ஒருத்தருக்குச் சொல்லியிருந்தேன். இப்போ அதைக் கொஞ்சம் தளர்த்துறேன். தரையில வேண்டாம், ஆனா கூரை நீட்டிக்கிட்டு இருக்கிற சுவரோரம் பெரிய தொட்டியில வைக்கலாம். தக்காளி இலையில மழைத் தண்ணி நிக்கக் கூடாது. நின்னா கருகல் அடி இலையிலிருந்து ஏறும். அதனால அடியில ஒரு முழம் வரைக்கும் இலையைக் கிள்ளிடுங்க.

ரகம் கேட்டவங்களுக்கு: ஹெசரகட்டாவுல இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட அர்க்கா ரக்ஷக். இலைச்சுருள், வாடல், முன்கருகல் மூணையும் தாங்குற ரகம். அது வீரிய ஒட்டு, அதனால அதோட விதையை எடுத்து வச்சு மறுபடி போடாதீங்க, தாய்ச் செடி குணம் வராது. அவங்ககிட்டயே நேர்லயும் இணையத்துலயும் விதை வாங்கலாம். 

வேப்பெண்ணெய் எதுக்கு, பஞ்சகவ்யமே போதும்னு ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டார். அண்ணே, கோபப்படாதீங்க. லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல போகாதீங்க, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கினப்புறம் இலையோட அடிப்பக்கம் படுற மாதிரி அடிங்க, இவ்வளவுதான் நான் சொன்னது. உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகும். பஞ்சகவ்யமும் நல்லதுதான், அதைப் பயிருக்குப் பிரபலமாக்கின கொடுமுடி டாக்டர் நடராஜன் சொன்ன கணக்குப்படி 3 சதவீதம், 10 லிட்டருக்கு 300 மில்லி. பூச்சிக்கு வேப்பெண்ணெய், வளர்ச்சிக்குப் பஞ்சகவ்யம். ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு மோத விட வேண்டியதில்லை.

பின்கட்டு · 23 அக்டோபர் 2024, காலை 8.10

15-ம் தேதி பிடிச்ச மழை இன்னும் முழுசா விடலை. எலஹங்கா பக்கம் வீடுகளுக்குள்ள தண்ணி. எல்லாரும் பத்திரமா இருங்க, செடி அப்புறம்.

எங்க பின்கட்டுல மேட்டுப் பாத்தி தப்பிச்சது. தரை மட்டத்துல இருந்த முள்ளங்கி பூரா வெடிச்சு அழுகிப் போச்சு. இந்த ஊருக்கு செப்டம்பரும் அக்டோபரும்தான் பெருமழை மாசம். முக்கால் அடி உயரமாவது பாத்தியைத் தூக்கிப் போடுங்க, பாத்திக்கு நடுவுல தண்ணி ஓடக் கால்வாய் விடுங்க. மேட்டுக்குச் செங்கல் வேண்டாம், தேங்காய் மட்டையை வரிசையா அடுக்கினாலே மண் நிக்கும், ரெண்டு மழையில மட்டையும் மக்க ஆரம்பிச்சிடும்.

பின்கட்டு · 23 அக்டோபர் 2024, காலை 8.25

அவரையில முதல் மொட்டு!

பின்கட்டு · 3 டிசம்பர் 2024, மாலை 5.45

ஃபெங்கல் புயல் புண்ணியத்துல ஊரே நனைஞ்சு குளிர்ல கிடக்கு. காடுகோடித் தம்பி அனுப்பின படம் பார்த்தேன். அது நோய் இல்லை, அசுவினிப் பூச்சி. அவரைக் கொழுந்துல கறுப்பா மொய்க்கும். கொடியை ஒரு கையால தாங்கிப் பிடிச்சு, குழாய்த் தண்ணியை வேகமா பீச்சினா முக்கால்வாசி உதிர்ந்திடும். மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கும். கறுப்பு ஆரஞ்சு நிறத்துல, முதலை வடிவத்துல ஒரு குட்டிப் புழு ஊர்ந்தா நசுக்கிடாதீங்க. பொறிவண்டோட குஞ்சு அது, பெரிசைவிட அதுக்குத்தான் பசி அதிகம்.

நூல்கோல், கேரட், பட்டாணி எல்லாம் இப்போ செழிப்பா இருக்கணும். கேரட்டை நாத்து விட்டுப் பிடுங்கி நடாதீங்க, வேர் கிளை பிரியும். நேரடியா விதைச்சு, நெருக்கமா முளைச்சதைப் பிடுங்கிக் கலைச்சு விடுங்க. கலைச்ச குட்டிக் கேரட் இலையைத் துவையல்ல போடலாம்.

பின்கட்டு · 5 ஜனவரி 2025, இரவு 9.30

இன்னைக்கு எங்க வீட்ல பிதுக்கு பருப்புச் சாம்பார். இதைப் பத்தி எழுதாம தூக்கம் வராது.

அவரை விதை குடுத்தது பக்கத்து வீட்டு அஜ்ஜி (பாட்டி), கோலார் பக்கத்துக்காரங்க. எங்க மாமியார் தருமபுரி. அஜ்ஜி "ஹிதிகித பேளே"ம்பாங்க, மாமியார் "பிதுக்கு பருப்பு"ம்பாங்க. பக்குவத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. அஜ்ஜிக்குத் தேங்காயோட கசகசா அரைச்சே ஆகணும், மாமியாருக்குப் பச்சைக் கொத்தமல்லியும் பட்டை கிராம்பும். ரெண்டு அடுப்புலயும் என் அவரைதான் கொதிச்சது. அந்தச் சந்தோஷம் எனக்கு.

அவரையைப் பறிக்கும்போதே விரல்ல பிசுபிசுன்னு ஒரு எண்ணெய் ஒட்டும். அதோட வாசனையை இங்க "சொகடு"ம்பாங்க. பனி விழ விழத்தான் சொகடு ஏறும். கடைக்கு வந்து சேர்ற காயில பாதி வாசனை போயிருக்கும். காலைல பனி காயறதுக்கு முன்னாடி பறிச்சு, அப்பவே உரிச்சு, பருப்பை ராத்திரி பூரா தண்ணியில ஊறப் போட்டேன். விடிஞ்சதும் தோல் தளர்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு மெல்ல அழுத்தினா, பச்சைப் பருப்பு வழுக்கிட்டு வெளிய துள்ளும், தோல் விரல்லயே நிக்கும். முனை இருக்கிற பக்கத்தைக் கிண்ணத்துப் பக்கம் திருப்பி அழுத்தணும், இல்லேன்னா சுவத்துல போய் ஒட்டும். பேரப்பிள்ளைங்க வேணும்னே சுவத்துக்குக் குறி வச்சாங்க. பிதுக்கின பருப்பு சீக்கிரம் வெந்திடும், கரைய விடாம ஒரு கொதிக்கு முன்னாடியே இறக்கணும்.

வீட்ல கொடி இல்லாதவங்க, குளிர்காலத்துல நடக்கிற அவரை மேளாவுக்குப் போங்க. வி.வி. புரம் சஜ்ஜன் ராவ் சர்க்கிள் தின்பண்டத் தெருவுலயும் இந்தப் பருவத்துல அவரை தோசை, உப்புமா, மிக்சர் எல்லாம் கிடைக்கும். சாப்பிட்டுப் பார்த்தா அடுத்த ஆடியில தானா விதை தேடுவீங்க.

பின்கட்டு · 12 ஜனவரி 2025, காலை 11.00

அவரையில விதைக்கு எந்தக் காயை விடணும்னு கேட்டீங்க. கொடியோட நடுப்பகுதியில, முதல்ல வந்த நல்ல காய்ல சிலதுக்கு நூல் கட்டி அடையாளம் வைங்க. கடைசியா வர்ற சூம்பின காயை விதைக்கு விடுறது வழக்கமா ஆயிடுச்சு, அது வேண்டாம். கொடியிலேயே காஞ்சு கலகலக்கட்டும். அப்புறம் உரிச்சு, நிழல்ல ஆற விட்டு, விறகுச் சாம்பல் புரட்டி வைங்க. வண்டு வராது.

பின்கட்டு · 16 பிப்ரவரி 2025, மாலை 6.00

தம்பி, டப்பாவைத் திறங்க. மாசி பொறந்தாச்சு, வெயில் ஏறியாச்சு. வெண்டையை ராத்திரி ஊறப் போட்டுக் காலைல ஊனுங்க. மஞ்சள் நரம்பு நோய் வந்த செடி தெரிஞ்சா தயங்காம பிடுங்கி வெளிய போடுங்க, வெள்ளை ஈ பக்கத்துச் செடிக்குக் கொண்டு போறதுக்குள்ள. கொத்தவரையும் இப்பவே. பீர்க்கை, பாகல் வச்சா பூ வரும்போதே பழ ஈப் பொறி ஒண்ணு தொங்க விடுங்க. மாமரத்துக்கு விக்கிற பொறி இதுக்கு ஆகாது, கொடிக்காய் ஈக்கு மருந்து வேற, கேட்டு வாங்குங்க.

கொத்தமல்லி இனிமேல் பூவுக்குப் போயிடும். விட்டுடுங்க, தேனீக்கு ஆகட்டும்.

பின்கட்டு · 9 மார்ச் 2025, காலை 7.30

தண்ணி. போன வருஷம் மார்ச்சுல ஊர் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். குடிதண்ணியைச் செடிக்கு ஊத்தினா ₹5,000 அபராதம்னு குடிநீர் வாரியம் உத்தரவே போட்டாங்க. அது நியாயமான உத்தரவு. குடிக்கத் தண்ணி இல்லாத வீதியில நாம வெண்டைக்கு ஊத்திட்டு இருக்க முடியாது. அதனால அரிசி, பருப்பு, காய் கழுவின தண்ணி எல்லாத்தையும் ஒரு வாளியில பிடிங்க. நாலு பேர் இருக்கிற வீட்ல அதுவே ஒரு சின்னப் பாத்திக்குப் போதும். ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ளுற தண்ணியை வீணாக்காம செடிக்கு ஊத்தலாமேன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. காய்கறிக்கு வேண்டாம். உப்பு முழுக்க அதுலதான் சேர்ந்து நிக்கும், ஒரே கோடையில மண் கெடும். வாசல் கழுவ, பாத்ரூம் கழுவ வச்சுக்கோங்க.

தண்ணியைவிட மூடாக்குதான் கைகொடுக்கும். மண் கண்ணுக்குத் தெரியாத அளவு காஞ்ச இலை போட்டா, தினம் ஊத்தின இடத்துல மூணு நாளுக்கு ஒருதடவை போதும். இப்பதான் தெருவுல தூங்குமூஞ்சி மரமும் புங்கையும் இலை கொட்டுது. தூங்குமூஞ்சி இலை பொடிசு, சீக்கிரம் மக்கும், தழைச்சத்தும் உண்டு. காலைல தெரு பெருக்குற அக்காகிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சா, யாராவது தீ வைக்கிறதுக்கு முன்னாடி சாக்குல கட்டி கேட்டோரம் வச்சிடுவாங்க. காபி குடுக்க மறந்துடாதீங்க. பிளாஸ்டிக் கவர் கலந்திருக்கும், பொறுக்கிட்டுப் போடுங்க.